முன்னறை யாருக்கு

எங்கள் வீட்டில் எந்தப் பேச்சிலும் என் கணவர் தோற்றதில்லை. ஸ்கூட்டர் விற்கும் கடையில் வேலை. சும்மா பார்க்க வந்தவரையும் சாவியோடு அனுப்பிவைப்பார். அதனால்தான் முன்னறையில் அவருடைய தொட்டி மீன்கள் வெளிச்சமும் காற்றுமாக ராஜவாழ்க்கை வாழ்ந்தன. நானும் என் தையல் மிஷினும் சமையலறைக்குப் பின்னால், பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு கிடந்தோம்.

பட்டப்படிப்பில் சேராமலே கல்லூரியில் பிடித்த ஒரு பாடத்தை மட்டும் படிக்கலாம் என்று கவுன் தைக்கக் கொடுக்க வந்த பெண் சொன்னாள். விவாதக் கலையில் சேர்ந்தேன். வீட்டில் பட்டன் வாங்கப் போவதாகச் சொல்லிவைத்தேன்.

சீக்கிரமே அவர் திணற ஆரம்பித்தார். "ஆதாரம் சொல்லுங்க" என்று நான் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அப்புறம் திடீரென்று கடையில் ஓவர்டைம் என்றார். அவர் பேச்சும் தேறியது. எனக்கு லேசாக உறுத்தியது.

கடைசி வகுப்புக்கு மாலை வகுப்புக்காரர்களையும் எங்களோடு சேர்த்தார்கள். கதவைத் திறந்துகொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர்.

"பட்டன் கடை இங்கயா இருக்கு?" என்றார்.

"ஓவர்டைம் இங்கதான் பாக்கறீங்களா?" என்றேன்.

பேராசிரியைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்களை எதிரெதிரே நிறுத்தி, வீட்டுச் சண்டை எதையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார். முன்னறை என்றோம் இருவரும். அந்த வகுப்பில் எப்போதும் எதிராளியின் கட்சியைத்தான் பேச வேண்டும். நான் மீன்களுக்கு, அவர் என் மிஷினுக்கு.

மீன்கள் அழகானவை, பாவம், என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவர் எழுந்தார். வகுப்பே தன்னைப் பார்க்கிறது என்றால் அவருக்குத் தலைகால் புரியாது. ஊசியில் நூல் கோக்க நான் ஜன்னலைத் தேடி வருவது, சாயங்காலம் கண்ணைக் கசக்குவது, எல்லாம் சொன்னார். இதையெல்லாம் எப்போது பார்த்தார்?

"வெளிச்சம் கொறஞ்சா மீனுக்கு ஒண்ணும் ஆகாது. அவ கண்ணு கெட்டுப்போகும்" என்று முடித்தார். கைதட்டல் ஓயவில்லை. வெற்றி அவருக்கே.

பூரித்துப்போய்த் திரும்பியவர் பாதி வழியில் நின்றார்.

"ஏம்மா, நீ வேணும்னே தோத்தியா?"

"ஆதாரம் சொல்லுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மீன்கள் பின்னறைக்குக் குடிபோயின. கல்லூரியில் அவர் வேறொரு பாடம் பார்த்துவைத்திருக்கிறாராம். என்ன பாடம் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்.