தங்கை கேட்ட வழி

நகராட்சியில் பூங்காக்களைக் கவனித்துவந்த பொறியாளரை அலுவலகத்தில் எல்லோரும் ‘பார்க் சார்’ என்றே கூப்பிட்டார்கள். கை சுத்தமானவர். சொந்தக்காரனுக்காக ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தமாட்டார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அது காதில் விழும்போதெல்லாம் அவருக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும்.

ஊர் மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்த காலம். ஏரிக்கரையை ஒட்டி நடைபாதை போட்டு, அதன் கோடியில் சிறுவர் விளையாட்டுத் திடலையும் அவர்தான் அமைத்தார். அவருடைய தங்கை வீடு அந்தப் பாதைக்கு எதிரிலேயே இருந்தது. தங்கை மகளுக்கு அப்போது பத்து வயது. பிறந்ததிலிருந்தே நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். ஆனால் வாய் மட்டும் நாலு ஊருக்குப் போய்வரும். வீட்டில் அவளுக்குப் பெயர் ‘வாலு’. பள்ளி விட்டு வந்ததும் தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு திடலுக்குப் போய்விடுவாள். அங்கே அவளுக்கு மூன்று தோழிகள்.

சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பியதும் நடைபாதையில் பைக்குகள் பறக்க ஆரம்பித்தன. குடியிருப்போர் மனு கொடுத்தார்கள். பார்க் சார் பாதையின் வாயிலில் மூன்று இரும்புக் குழாய்களை முன்னும் பின்னுமாக நட்டார். ஆள் வளைந்து நுழையலாம், பைக் நுழையாது. நாற்காலியும் நுழையாது என்பது வரைபடம் போட்டபோது அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாளே தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, வாலு உள்ள போக முடியலண்ணா. ஒரு குழாயைக் கொஞ்சம் தள்ளி வெச்சா போதும்.”

“அட, ஆமால்ல. இந்த மாசத்துக்குள்ள செஞ்சிடறேன்மா.”

அன்றே கோப்பு எழுதினார். தலைமை எழுத்தர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். “என்ன சார், தங்கச்சி வீட்டுக்குத் தனி வாசலா?”

வெறும் கேலிதான். ஆனால் பார்க் சாருக்குச் சுருக்கென்றது. கோப்பை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். கொஞ்ச நாள் போகட்டும், பேச்சு அடங்கட்டும் என்று நினைத்தார். அது கிணற்றில் போட்ட கல்லாயிற்று. திடலில் சறுக்குமரம் விரிசல் விட்டபோது உடனே மாற்றினார். ஊஞ்சல் சங்கிலிக்கு மாதம் தவறாமல் எண்ணெய் போடச் சொன்னார். அந்த மூன்று குழாய்களை மட்டும் பார்க்காதவர்போலக் கடந்து போனார்.

தங்கை இன்னும் இரண்டு முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. மறந்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டார். அப்படி எண்ணுவது அவருக்கு வசதியாக இருந்தது.

மூன்று வருடம் ஓடிவிட்டது. புதிதாகக் குடிவந்த ஒருவர், இரட்டைக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு உள்ளே போக முடியவில்லை என்று கடிதம் எழுதினார். முன்பின் தெரியாத மனிதர். பதினோராவது நாள் வெல்டர் வந்து நடுக்குழாயை அறுத்து எடுத்தார். அரை மணி நேர வேலை.

“இவ்வளவுதானா சார்?” என்றார் வெல்டர், கண்ணாடியைக் கழற்றியபடி.

பார்க் சார் நேரே தங்கை வீட்டுக்கு நடந்தார். வாலு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வளர்ந்து முகம் நீண்டிருந்தது; குரலும் மாறியிருந்தது.

“வழி திறந்தாச்சு வாலு. வா, போகலாம்.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். “மாமா, எனக்குப் பதிமூணு வயசாச்சு. அங்க எல்லாம் சின்னப் புள்ளைங்க.”

“உன் ஃப்ரெண்ட்ஸ் வருவாங்கல்ல?”

“அவங்க மொதல்ல கொஞ்ச நாள் வீட்டுக்கு வந்தாங்க. அப்புறம் வரல. தப்பில்ல மாமா, வெளையாட்டு அங்கதானே இருந்துச்சு.”

அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். “மெயின் ரோடு வழியா சுத்தித் திடலோட அந்தப் பக்க வாசலுக்குப் போயிருக்கலாமேம்மா.”

“ரெண்டு தடவை போனோம். லாரி உரசிக்கிட்டுப் போச்சு. விட்டுட்டோம்.” அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“நீ இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.”

“உன் பேரு கெடும்னு பயந்தேல்ல? அது எனக்குத் தெரியும்ணா. அதான் கேக்கல. வேற யாரோவா இருந்திருந்தா ஆபீஸ் வாசல்ல வந்து சண்டை போட்டிருப்பேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். தன் நேர்மை என்று இத்தனை நாள் நினைத்தது வெறும் கோழைத்தனம் என்று அந்தக் கூடத்தில் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது.

வாலு புத்தகத்தை மூடினாள். “சரி, வாங்க மாமா, ஒரு ரவுண்டு பாத்துட்டு வரலாம். நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா நல்லால்ல.”

போனார்கள். நாற்காலி தாராளமாக நுழைந்தது. திடலில் இருந்த குழந்தைகளில் ஒருவரையும் அவளுக்குத் தெரியவில்லை. ஊஞ்சல் அருகே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்னப் பெண் வந்து, “அக்கா, கொஞ்சம் நகருங்க” என்றது. நகர்ந்தாள்.

“போலாமா மாமா? நாளைக்குப் பரீட்சை.”

ஓய்வு பெறுவதற்குள் ஊரிலிருந்த மற்ற ஆறு பூங்காக்களிலும் அவர் தடுப்புகளை அகலப்படுத்தினார். தங்கை வீட்டுக்கு வாரம் ஒருமுறை போகிறார். வாலு கல்லூரிக் கதை சொல்லி அவரைச் சிரிக்க வைக்கிறாள். அந்தத் திடலுக்கு மட்டும் அவள் மறுபடி போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை.