பாலத்துக் குரங்கின் விரல்

"கோட்டை எப்படி இருந்ததுப்பா?" என்று ஷ்யாமளா ஆன்ட்டி கேட்டதும் அச்சுதன் கையிலிருந்த பேப்பர் தட்டில் தயிர்வடை லேசாக நகர்ந்தது.

"பாதிக்கு மேல இடிஞ்சு கிடக்கு ஆன்ட்டி. ஆனா இடிஞ்சதுதான் அழகே. செவப்புக் கல். கீழே நெக்கர் ஆறு, அதுக்கு மேல பழைய பாலம். சாயங்கால வெயில் பட்டா கோட்டை அப்படியே பத்திக்கிட்ட மாதிரி இருக்கும்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அவன் மனைவி மானஸா பெருமையோடு சாம்பார் கரண்டியைச் சுழற்றினாள்.

அந்தக் கோட்டையை அச்சுதன் பார்த்ததே இல்லை. ஹைடல்பர்க் என்ன, ஜெர்மனி மண்ணையே மிதித்ததில்லை. இந்த ஒரு வாரமும் அவன் அடைந்து கிடந்தது, டெக்ஸாஸில் அவர்கள் குடியிருந்த பிளானோவிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி, ஃப்ரீவே ஓரத்து மோட்டல் அறை ஒன்றில்.

பயணம் என்னவோ நிஜமாகத்தான் ஆரம்பித்தது. கம்பெனிதான் அனுப்புவதாக இருந்தது. மானஸா கோயிலில் சொன்னாள், மளிகைக் கடையில் சொன்னாள், போனில் மயிலாப்பூர் வரைக்கும் சொன்னாள். திங்கட்கிழமை விமானம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனைத் தனி அறைக்குக் கூப்பிட்டார்கள். டெலிகாம் மொத்தமும் சரிந்துகொண்டிருந்த 2001. பேட்ஜை வாங்கிக்கொண்டு, சாமான்களை அள்ளிக்கொண்டு போக ஓர் அட்டைப் பெட்டியைக் கொடுத்தார்கள். விசாவுக்காக ஆபீஸில் இருந்த பாஸ்போர்ட்டையும் மேஜைமேல் தள்ளினார்கள். உள்ளே ஜெர்மன் விசா இல்லை.

வேலை இருக்கும்வரைதான் ஹெச்-ஒன் விசா. வேலை போனால் அமெரிக்காவில் அவனுக்கும் இடமில்லை, அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவளுக்கும் இடமில்லை.

வீட்டுக்கு வந்தான். மானஸா அவனுடைய ஸ்வெட்டரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "சாக்லேட்டை மறந்துடாதீங்க, எல்லா ஃபேமிலிக்கும் கொடுக்கணும். செழியன் நம்மளுக்கு சுவிஸ்ல இருந்து எவ்ளோ வாங்கிட்டு வந்தார்!" என்றாள். அவன் சரி என்று தலையாட்டினான். ஒரு வாரத்தில் வேறு வேலை பிடித்துவிட்டு, இதையே ஒரு ஜோக்காகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான்.

வேலை கிடைக்கவில்லை. போன் போட்ட இடத்தில் எல்லாம், இருக்கிற ஆட்களையே வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மீதி நேரத்தில் லைப்ரரியிலிருந்து எடுத்துப் போன ஹைடல்பர்க் வழிகாட்டிப் புத்தகத்தை, பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தான். காலிங் கார்டு போட்டு தினமும் மானஸாவைக் கூப்பிட்டான். ஜன்னலுக்கு வெளியே டெக்ஸாஸ் வெயில் கொளுத்த, "இங்க ராத்திரி ஆயிடுச்சும்மா, தூக்கம் வருது" என்றான். ஒருநாள் லாரி ஒன்று ஹாரன் அடித்துவிட்டது. "என்ன சத்தம்?" என்றாள். "ஆத்துல படகு போகுது" என்றான்.

சாக்லேட்டை டாலஸில் ஒரு கடையில் வாங்கி, விலைச் சீட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்தான்.

இன்று சனிக்கிழமை. யார் ஊருக்குப் போய் வந்தாலும் எல்லோருக்கும் சாப்பாடு போட்டுக் கதை சொல்வது இந்தத் தமிழ்க் கூட்டத்து வழக்கம். அச்சுதனுக்கு ஒரே ஒரு கணக்குதான். கூட்டம் கலைந்ததும் செழியனைத் தனியாக ஓரம்கட்ட வேண்டும். செழியன் நடத்துவது சின்ன கன்சல்டிங் கம்பெனி. ஆள் எடுப்பது, அவர்கள் விசாவைத் தன் கம்பெனி பெயருக்கு மாற்றுவது, பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புவது. அவன் மனசு வைத்தால் பிழைக்கலாம்.

"போட்டோ எங்கப்பா?" என்று ஒரு குரல்.

"ரோலைக் கழுவக் கொடுத்திருக்கேன்."

அதுவரை சோபாவில் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஷ்யாமளா ஆன்ட்டியின் கணவர் வாஞ்சிநாதன் அங்கிள் மெதுவாக நிமிர்ந்தார். "பாலத்துல என்னப்பா பார்த்தே?"

அச்சுதன் உற்சாகமானான். "பாலத்து முனையில ஒரு வெண்கலக் குரங்கு அங்கிள். கையில கண்ணாடி. தலை உள்ள வெறும் கூடு, நம்ம தலையை விட்டு போட்டோ எடுத்துக்கலாம்."

"குரங்கா?" அங்கிளின் புருவம் ஏறியது. "நான் ரெண்டு வருஷம் அந்த ஊர்ல படிச்சவன். தினம் அந்தப் பாலத்துல நடந்துதான் காலேஜ். அங்க குரங்கும் கிடையாது, கழுதையும் கிடையாது."

எல்லோரும் அச்சுதனைப் பார்த்தார்கள். ஒரு வாரமாக அவன் சொன்ன பொய்யெல்லாம் தப்பிவிட்டது, நிஜமாகவே இருக்கிற குரங்கில் மாட்டிக்கொண்டான்!

"நீங்க எப்போ அங்கிள் இருந்தீங்க?"

"அறுபத்தெட்டுல."

புத்தகத்தின் பக்கம் கண்முன் விரிந்தது. "குரங்கை வெச்சது எழுபத்தொன்பதுல அங்கிள்!"

ஷ்யாமளா ஆன்ட்டி கைகொட்டிச் சிரித்தாள். "போதுமா? ரெண்டு வருஷம் படிச்சேன், ரெண்டு வருஷம் படிச்சேன்னு முப்பது வருஷமா என் காதைத் தின்னாரே! கடைசியில குரங்கு மாட்டி விட்டுடுத்து பாரு!"

அங்கிளும் சிரித்தார். அச்சுதனுக்கு மூச்சு வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அந்தக் கண்ணாடியைத் தொட்டா பணம் வருமாம் ஆன்ட்டி. குரங்கோட விரலைத் தொட்டா திரும்ப அந்த ஊருக்கே வருவோமாம்."

"நீ எதைத் தொட்டே?"

"விரலைத்தான்!"

"அப்ப பலிச்சிருச்சு பாஸ்!" என்று எழுந்தான் செழியன். "நெசமாத்தான் சொல்றேன். ஹைடல்பர்க் பக்கத்துலயே எங்க கிளையண்ட் ஒருத்தன் இருக்கான். வர்ற வியாழக்கிழமை ஆள் அங்க நிக்கோணும். போக இருந்தவன் கால்ல கட்டோட படுத்திருக்கான். ஊர் தெரிஞ்ச ஆள், விசா கையில இருக்கற ஆள், உங்களை விட்டா யாரு? உங்க கம்பெனியை விட்டுட்டு எங்கிட்ட வந்துருங்க. சம்பளம் பேசிக்கலாம். விசா பல தடவை போய்வர்ற மல்டிபிள்தானுங்களே? பாஸ்போர்ட்டைக் கொஞ்சம் காட்டுங்க."

எந்தக் கதவைத் தட்ட அச்சுதன் ஒரு வாரமாகத் தவித்தானோ, அந்தக் கதவு தானாகத் திறந்திருக்கிறது. உள்ளே காலை வைத்தால் பள்ளம்.

"அப்புறம் பார்க்கலாமே..."

"எதுக்கு அப்புறம்? நான் எடுத்துட்டு வரேன்" என்று மானஸா உள்ளே ஓடினாள்.

"இரு, நானே..." என்பதற்குள் படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்டது.

அலமாரி இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை. கூடத்தில் பாயசம் பரிமாறினார்கள். யாரோ கிரிக்கெட் பேசினார்கள். அச்சுதன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பாஸ்போர்ட்டை எடுக்க இவ்வளவு நேரமா?

கதவு திறந்தது. மானஸா துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை.

"கிடைக்கலை செழியன். ஆபீஸ்லயே இருக்கு போல. இல்லீங்க?"

அச்சுதனை நேராகப் பார்த்தாள். துப்பட்டாவின் மடிப்புக்குள் நீலப் பாஸ்போர்ட்டின் ஒரு மூலை தெரிந்தது. புரட்டிப் பார்த்திருக்கிறாள்.

தப்பிக்க வழி விட்டிருக்கிறாள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திங்கட்கிழமைவரை தாங்கும். திங்கட்கிழமை செழியன் மறுபடி கேட்பான். அப்போது சொல்ல இன்னொன்று, அதற்கு முட்டுக்கொடுக்க மற்றொன்று. அந்தப் பொய்ச் சுவருக்கு இனி இவளும் கூடவே நின்று செங்கல் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"ஆபீஸ்ல இல்லை" என்றான். "எனக்கு ஆபீஸே இல்லை."

பாயசக் கிண்ணங்கள் அந்தரத்தில் நின்றன. எல்லாவற்றையும் சொன்னான். அட்டைப் பெட்டி, மோட்டல், லைப்ரரி புத்தகம், டாலஸ் சாக்லேட். ஷ்யாமளா ஆன்ட்டி கையிலிருந்த சாக்லேட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் மேஜையில் வைத்தாள்.

செழியன் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"செவ்வாய்க்கெழமை உங்க வீட்டுக்கு போன் பண்ணினேனுங்க. மேடம்தான் எடுத்தாங்க. இங்கயே லெகஸி ஆபீஸ் பார்க்குல ஒரு ஓப்பனிங். உங்க ரெஸ்யூமேக்குத் தச்ச சட்டை. 'அவர் ஜெர்மனியில இருக்கார், வந்ததும் சொல்றேன்'னாங்க. கிளையண்ட் காத்திருக்க மாட்டேன்னான். புதன்கெழமை வேற ஆளைப் போட்டுட்டேன்."

மானஸா மெல்லத் தலையசைத்தாள்.

"திங்கக்கெழமை லாயர்கிட்ட கேட்டுப் பார்க்கறேன். பிராமிஸ் பண்ண முடியாதுங்க" என்று கார் சாவியை எடுத்தான் செழியன்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வாஞ்சிநாதன் அங்கிள் வாசலில் அச்சுதன் தோளைத் தட்டினார். குனிந்து ஷூவுக்குள் காலை நுழைத்தார்.

கதவு சாத்தியாயிற்று. கூடத்தில் யாரும் தொடாத சாக்லேட் டப்பாக்கள் கிடந்தன. அச்சுதன் என்ன செய்வதென்று தெரியாமல், சுவரோரம் நின்ற பெட்டியைக் கீழே சாய்த்து ஜிப்பை இழுத்தான். உடுத்தாத ஸ்வெட்டர்கள், மானஸா மடித்த மடிப்பு கலையாமல் அடுக்காக இருந்தன.

மானஸா குனிந்து ஜிப்பை மறுபடி மூடினாள். பாஸ்போர்ட்டைப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"பிரிக்காதீங்க" என்றாள். "திரும்பி மெட்ராஸ் போக வேணும்ல?"