உங்கள் பகுதியில் கிடைக்காது

1

இந்தக் கதை என் கற்பனையில் முளைத்ததல்ல. வக்கீலான என் மனைவியிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணுடையது. "எழுதட்டும், ஊரும் பேரும் வேண்டாம்" என்று அவர் சம்மதித்த பிறகே என் காதுக்கு வந்தது. படங்களுக்கு சப்டைட்டில் எழுதுபவர் என்பதால், சப்டைட்டில்காரர் என்றே சொல்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'எல்லைக்கோட்டில் நிற்கும் சட்டம் ஒரு...' வேண்டாம். கட்டுரை வாடை அடிக்கிறது.

2

சப்டைட்டில்காரருக்கு அப்பா மட்டும்தான். சில வருடங்களாக அப்பாவுக்குக் காது அறவே கேட்காது. காது கேளாதவர்களும் பார்க்கும்படி, சத்தங்களையும் சேர்த்து மகள் ஓர் ஓடிடி நிறுவனத்தின் தொடருக்கு எழுதினார். தொடர் வெளிநாட்டில் வெளியானது. இங்கே உரிமையை வாங்கியவர்கள் அதைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். தேடினால், 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று வரும்.

"சமைச்சவளுக்கே பந்தியில இடமில்லையா?" என்றாராம் அப்பா.

3

வழி இருந்தது. இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டால், நாம் வெளிநாட்டில் இருப்பதாக நிறுவனம் நம்பிவிடும்.

"அதுக்கு ஜெயிலா மேடம்?"

"நேரடியா அப்படி ஒரு சட்டம் இங்க இல்ல. சில நாட்டுல விபிஎன்னே தப்பு. இங்க அவங்க நிபந்தனையை மீறினதா ஆகும். கணக்கை மூடலாம்."

"அவ்வளவுதானா?"

"மத்தவங்களுக்கு அவ்வளவுதான். உங்களுக்கு வேலை குடுக்கறதே அவங்க. உங்க ஒப்பந்தத்துலயும் அந்த நிபந்தனை இருக்கு. படிச்சீங்களா?"

"கையெழுத்துப் போட்டேன்."

"அது வேற."

(வக்கீலைக் கொஞ்சம் கனிவாக எழுதிப் பார்த்தேன். "நான் அப்படிப் பேசவே மாட்டேன்" என்றாள் மனைவி. அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

4

ஞாயிறு மதியம் சப்டைட்டில்காரர் விபிஎன் போட்டு, அப்பாவை சோபாவில் உட்காரவைத்தார். அப்பா இமை கொட்டாமல் படித்துக்கொண்டிருந்தார். திரையில் '[அடுத்த அறையில் யாரோ விசும்புகிறார்]' என்று வந்தது. அப்பா சட்டெனத் தலையைத் திருப்பி, தங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவைப் பார்த்தார்.

மகள் அப்பாவைப் பார்த்தார். (இங்கே ஓர் உவமை இருந்தது. இப்போது இல்லை.)

முதல் பகுதி முடியும்போது இணைப்பு அறுந்தது.

5

மறுநாள் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல்: 'உங்கள் கணக்கு வெளிநாட்டிலிருந்து திறக்கப்பட்டுள்ளது. நீங்கள் பயணத்தில் இருந்தீர்களா?'

"ஆமான்னு சொன்னா தப்பிச்சுடலாம் இல்ல மேடம்?"

"பொய் சொல்லுங்கன்னு நான் சொல்லக்கூடாதும்மா."

சப்டைட்டில்காரர் வீட்டுக்கு வந்து, செல்பேசியில் எல்லாவற்றையும் தட்டி அப்பாவிடம் காட்டினார். வேலை போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் அப்பா எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார்.

"எங்கயும் போகலன்னு எழுதும்மா. எங்கப்பா பார்த்தாரு, ஒரு வரி விடாம படிச்சாருன்னும் சேர்த்து எழுது."

அப்படியே எழுதி அனுப்பினார்.

6

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வேலை போகிறது. மற்றதில் ஒரு மேலாளர் மனமிரங்குகிறார். அந்த மேலாளர் மேல் எனக்கே நம்பிக்கையில்லை. "உண்மையில என்ன ஆச்சு?" என்று மனைவியைக் கேட்டால், "பதில் இன்னும் வரல" என்கிறாள்.

ஆகவே பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். 'உங்கள் நேர்மைக்கு நன்றி' என்று தொடங்குங்கள். எந்த முடிவுக்கும் அது பொருந்தும்.