சமவெளியில் பிடித்த பிரேக்

கொடைக்கானல் மலைச்சாலையில், டம்டம்பாறைக்கு மேலே ஒரு வளைவில் பெரியண்ணனின் கால் பிரேக்கோடு மறுபடியும் அடிவரை அமுங்கிப் போனது. வேன் நிற்கவில்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் உரசித்தான் நிறுத்தினான். அவன் மனைவி மூக்கம்மா கட்டையோடு குதித்துச் சக்கரத்துக்கு அடைகொடுத்தாள். கட்டை நழுவி நழுவி விழுந்தது. சாலையின் மறுபுறம் மேகம் வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. அதற்கடியில் எவ்வளவு பள்ளம் என்று அவளுக்குத் தெரியும்.

வண்டி வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை. மன்னவனூரில் விளையும் தங்கள் கேரட்டைத் தாங்களே சந்தைக்குக் கொண்டுபோகலாமென்று நிலத்தை அடகு வைத்துத் தவணையில் எடுத்தது. முன்பே இருமுறை வண்டி விற்ற திண்டுக்கல் கம்பெனியில் விட்டார்கள். சரியாகிவிட்டது என்றுதான் அனுப்பினார்கள். மலையேறியதும் பழையபடியே ஆனது. இந்தமுறை திருப்பிக் கொடுத்துவிடுவது என்று புறப்பட்டிருந்தார்கள். மேலே வந்து பார்க்கக் கம்பெனியில் ஆள் இல்லையாம். திருப்பிக் கொடுப்பதற்கும் இதே வண்டியில்தான் மலையிறங்க வேண்டியிருந்தது.

"நீ பஸ்ஸுல வா புள்ள. நா மட்டும் இறக்கிட்டுப் போறேன்."

"கட்ட வைக்க ஆளு வேணாமா? எடுங்க, மெதுவா."

முதல் கியரிலேயே ஊர்ந்து இறங்கினார்கள். அடிவாரம் தாண்டி வத்தலக்குண்டு வரும்வரை கட்டை அவள் மடியிலேயே இருந்தது.

கம்பெனி மேனேஜர் தானே வண்டியை எடுத்துச் சமதளமான திண்டுக்கல் ரோட்டில் ஒரு சுற்று போய்வந்தார். மிதித்த மாத்திரத்தில் நின்றது.

"பிரேக் நல்லாத்தானே இருக்கு? மலைக்காரங்க மிதிச்சே கெடுத்துடுறீங்க. எடுத்துட்டுப் போங்க."

பெரியண்ணன் தலையைக் குனிந்தபடி அவர் கொடுத்த சாவியை வாங்கக் கை நீட்டினான். வளைவில் வராத பயம் அப்போதுதான் மூக்கம்மாவுக்கு வந்தது. இவன் வாங்கிக்கொள்வான், ஏறி உட்கார்ந்துவிடுவான். அவள் முந்திக்கொண்டு சாவியை எடுத்து மேசைமேலேயே வைத்தாள்.

"எடுக்க மாட்டோம் சார். வேற வண்டி குடுங்க, இல்ல பணத்தக் குடுங்க. கெட்ட சாமான வித்தா கேக்கலாம்னு புதுசா சட்டம் வந்திருக்காம்ல, பேப்பர்ல போட்டிருக்கான்."

"அது வீட்டுக்கு வாங்குறவங்களுக்கும்மா. நீங்க ஏவாரத்துக்கு வாங்கினவங்க. கேஸுன்னு போனா வண்டி இங்கதான் நிக்கும். தவணை நிக்காது."

 அவர் சொல்வது நிஜமா, மிரட்டலா?

"அப்ப நீங்களே மலைக்கு ஓட்டிட்டு வாங்க சார். நா பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

மேனேஜர் டெலிபோனை எடுத்தார், யாரையும் அழைக்காமல் வைத்தார். "மொதலாளிகிட்டக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றார்.

வெளியே வந்ததும் பெரியண்ணன் கேட்டான்: "வண்டியும் போயி நெலமும் போச்சுன்னா என்ன புள்ள செய்ய?"

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

கடைசி பஸ்ஸில் இடம் கிடைத்தது. மலை தொடங்கியதும் எதிரில் இறங்கும் லாரிகளின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்து விழுந்து போனது. கண்ணை மூடித்தான் இருந்தான். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அவன் வலதுகால் பஸ்ஸின் தகரத்தரையை அழுத்தி மிதித்தது.