சிவப்புத் துணி உறைந்த ஐஸ்

கடைகளையெல்லாம் பர்மிய சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு ஹாக்கிப் பந்துக்கு எங்கே போவது? லான்மடாவ் பேட்டைத் தமிழ்ப் பிள்ளைகள் ஐஸ் துண்டையே பந்தாக்கிவிட்டார்கள். போட்டாதாங் ஐஸ் பேக்டரியின் முன்னால் இருந்த சிமெண்டுத் தரைதான் மைதானம். வெறுங்கால், பெட்டிப் பலகையில் செதுக்கிய மட்டை. ஈரத் தரையில் துண்டு கண்ணுக்குத் தெரிய, அதற்குள் சிவப்புத் துணிக் கிழிசல் ஒன்றை வைத்து உறைய வைப்பார்கள். கடிகாரம் கிடையாது. ஐஸ் கரைந்து துணி வெளியே வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

அணிக்குத் தலைவி மக்தலேனா. பதினைந்து வயது. கோல் காப்பதும் அவளேதான்.

அன்று இன்சீன் ரயில்வே பட்டறைப் பையன்களோடு போட்டி. தொடங்கும் முன்பே, பேக்டரிக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி ஊ தவுங் தரையின் நடுவில் வந்து நின்றார்.

"இனிமே இங்க விளையாட்டுக் கிடையாது."

"அப்ப நாங்க எங்க போய் ஆடறது சயா?" ஐயா என்பதற்குப் பர்மியச் சொல்லையே போட்டுக் கேட்டாள் மக்தலேனா.

"கப்பல் ஏறப் போறவங்கதானே நீங்க. மெட்ராஸ்ல போய் ஆடுங்க."

பேக்டரியில் சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். மக்தலேனாவுக்குக் காது சுட்டது. மெட்ராஸை அவள் கண்ணால் கண்டதில்லை. பக்கத்து வீட்டுத் தெய்வானை குடும்பம் போன மாதம் கப்பலேறிவிட்டது. அவள் அப்பாவும் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தார். இந்தத் தரையும் போனால் இந்த ஊரில் அவளுக்கென்று என்ன மிச்சம்?

"கப்பல் வர்றப்ப வரட்டும் சயா. இன்னைக்கு எங்களுக்கு ஆட்டம் இருக்கு."

நாலு பேர் பார்க்கிறார்களே, கொஞ்சம் தாராளம் காட்டினால் என்ன என்று தோன்றியது அவருக்கு. "சரி. இந்த ஐஸ் கரையற வரைக்கும் ஆடுங்க. அப்புறம் ஒருத்தர் காலும் இங்க படக்கூடாது."

"கரையற வரைக்கும். மாறமாட்டீங்களே?"

"சொன்னா சொன்னதுதான்."

ஆட்டம் சூடு பிடித்தது. ஐஸ் சோப்புக் கட்டி அளவுக்குத் தேய்ந்தது. இன்சீன் தலைவன் சுலைமான் ஓங்கி அடித்ததை மக்தலேனா முழங்காலால் தடுத்தாள். துண்டு காலடியில் விழுந்தது. துணியின் ஓரம் எட்டிப் பார்க்க இன்னும் நூலளவுதான் பாக்கி. அவள் குனிந்து அதைக் கையில் எடுத்தாள்.

"ஏய், கையால எடுத்தா தப்பாட்டம்," என்றான் சுலைமான்.

"ஆடலப்பா. இடைவேளை."

"எவ்வளவு நேரம்?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்."

சுலைமான் அதிகாரியைப் பார்த்தான், ஐஸைப் பார்த்தான். மெல்லச் சிரித்தான். "வர்றோம். உனக்கு ஒரு கோல் போடாம விடமாட்டேன்."

ஐஸ் வார்க்கிற ஜமால் பாய் மரத்தூள் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "மரத்தூள் ரொம்ப நேரம் தாங்காது பாய். தண்ணி ஊத்தின அச்சுல போடுங்க," என்றாள் அவள்.

மறுநாள் சாயங்காலம் ஊ தவுங் மார்பில் கைகட்டி நின்றிருந்தார். "என்ன, அது நேத்தே கரைஞ்சிருக்குமே?"

ஜமால் பாய் ஒரு முழுப் பாளத்தை இழுத்து வந்து நிறுத்தினார். மக்தலேனாவின் இடுப்புயரம். கண்ணாடிபோல இருந்த அதன் வயிற்றில் அந்தச் சிவப்புத் துணி.

"கரையல சயா," என்றாள் அவள். "வளந்திருக்கு."

சுமை தூக்குகிறவர்கள் இன்றும் சிரித்தார்கள். இன்று அவளைப் பார்த்தல்ல. ஊ தவுங் பாளத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது எப்பத்தான் கரையும்?"

"தினமும் இடைவேளை விடுவோம் சயா."

அவர் ஈர விரலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மக்தலேனா உளியை வாங்கி, துணியைச் சுற்றி ஒரு துண்டை உடைத்தெடுத்துத் தரையில் போட்டாள். கோலுக்கு முன்னால் போய்க் காலை அகட்டி நின்றாள்.

"வா சுலைமான். பாதிதான் முடிஞ்சிருக்கு."