படகில் ஏறிய ஒழுகி

டகோமா துறைமுகத்தைப் பார்த்த மாதிரி, பழைய மெத்தைக் கிடங்கு ஒன்றின் மாடியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். கெண்ட்ராவும் டெஸ்மண்டும் சியாட்டிலில் ஒரு பெரிய கேம் கம்பெனியில் இருந்தவர்கள். ஒரே நாளில் வேலை போனது. இனி யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை என்று சொந்தமாக ஒரு கேம் செய்ய இறங்கினார்கள். அவள் படம் வரைவாள், அவன் புரோகிராம் எழுதுவான், நான் இசை போடுவேன்.

கேம் இதுதான். சதுப்பு நிலத்தில் ஒருத்தி படகு ஓட்டுகிறாள். கரையில் விதவிதமான ஜீவன்கள் நின்று கை காட்டும். யார் கை காட்டினாலும் ஏற்றிக்கொள்ள வேண்டும், பாதி வழியில் இறக்கிவிடக் கூடாது. அந்த விதியை வைத்தது கெண்ட்ரா. ஒவ்வொரு ஜீவனையும் காகிதத்தில் மையால் வரைந்துதான் கம்ப்யூட்டருக்கு ஏற்றினாள்.

செலவுக்கு, எல்லாரும் செய்வது போல, இணையத்தில் மக்களிடம் கேட்டார்கள். குறித்த தேதிக்குள் இலக்கைத் தொட்டால் முழுப் பணமும் கைக்கு வரும், தொடாவிட்டால் போட்டவர்களுக்கே திரும்பிப் போய்விடும். குறைவாகப் போடுகிறவர்களுக்குக் கேம் மட்டும். கூடுதலாகப் போட்டால் படப்புத்தகம். எல்லாவற்றுக்கும் மேலே டெஸ்மண்ட் ஒரு பரிசு வைத்தான்: உங்கள் மனதில் இருக்கும் ஜீவனைச் சொல்லுங்கள், அப்படியே வரைந்து படகில் ஏற்றுகிறோம். அதை யாரும் சீண்டவில்லை. இலக்கு எட்டாது என்று நாங்கள் கைகழுவிய கடைசி நாள் மதியம், லேசி ப்ரூயிட் என்று ஒருத்தி அதை எடுத்தாள். இலக்கைத் தாண்டிவிட்டோம். டெஸ்மண்ட் கெண்ட்ராவைத் தூக்கிச் சுற்றினான். கீழே கடையில் டெரியாக்கி வாங்கி வந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

லேசி கேட்ட ஜீவனின் விவரம் அடுத்த வாரம் மெயிலில் வந்தது. பேர் ஒழுகி. சிவப்புச் சுருட்டை முடி, கட்டம் போட்ட பாவாடை, முன்பல்லில் சந்து. போகிற இடமெல்லாம் ஈரம் விட்டுப் போவாள். எதைக் கேட்டாலும் "சாரி, சாரி" என்பாள். கூடவே ஒரு பள்ளிக்கூட வகுப்புப் படத்தை அனுப்பி, ஒரு பெண்ணின் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள்.

கெண்ட்ரா அந்த வட்டத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். டெஸ்மண்ட் எட்டிப் பார்த்துவிட்டு, சதுப்பு நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும் என்று சிரித்தான். அப்போதுதான் கெண்ட்ரா சொன்னாள், அந்த வட்டத்துக்குள் இருப்பவள் தானேதான் என்று. ப்ரூயிட் என்பது லேசிக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வந்த பேர், அதனால் முதலில் அடையாளம் தெரியவில்லையாம்.

யாக்கிமாவில் ஆறாம் வகுப்பு. சியாட்டிலுக்குச் சுற்றுலா போய்த் திரும்பும்போது மலைக்கணவாயில் பனி கொட்டி, பஸ் நின்றுவிட்டது. கதவைத் திறக்க ஆசிரியை விடவில்லை. கெண்ட்ராவால் அடக்க முடியவில்லை. பின்சீட்டில் இருந்த லேசிதான் முதலில் பார்த்தாள். பஸ் கிளம்புவதற்குள் பேர் வைத்தாகிவிட்டது. பள்ளி முடிகிற வரைக்கும் அந்த ஊரில் அவளைக் கெண்ட்ரா என்று கூப்பிட்டவர்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான்.

டெஸ்மண்ட் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். லேசியின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அவள் கேட்டபோதுதான் கையை எடுத்தான். ஒருத்திக்குத் திருப்பிக் கொடுத்தால் மற்றவர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள் என்றான். அவளிடமே பேசிப் பார், பேரையாவது மாற்றச் சொல் என்றான்.

வீடியோவில் பேசினார்கள். லேசி சமையலறையில் நின்று ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள். குரலில் துளி விஷம் இல்லை.

"அடியே, உன்ன நெனச்சுத்தாண்டி அத எடுத்தேன். நம்ம ஊர்ப் பொண்ணு கேம் பண்றாளேன்னு எம்புட்டு சந்தோஷம் தெரியுமா?"

"பேர மட்டும் மாத்திக்கலாமா, லேசி?"

"பேரு போச்சுன்னா அப்புறம் அதுல என்ன இருக்கு? இன்னுமா அதையே நெனச்சிட்டு இருக்க? சின்னப் புள்ளைங்க வெளையாட்டுடி அது."

சாயங்காலம் லேசி எங்கள் இணையப் பக்கத்தில் ஒரு கமெண்ட் போட்டாள்: காசு வாங்கும் வரை ஒரு பேச்சு, வாங்கிய பிறகு வேறு பேச்சு. பணம் போட்டவர்கள் திரண்டு வந்தார்கள். ஏமாற்றுக்காரர்கள் என்றார்கள். கெண்ட்ராவின் பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்து வந்து கேலி செய்தார்கள். ஐந்து டாலர் போட்ட ஒருவன், அவளுடைய அம்மா வீட்டு விலாசத்தைப் பொதுவில் எழுதினான்.

கெண்ட்ரா வரைய உட்கார்ந்தாள். முதல் படம் உயிரில்லாமல் இருந்தது. வேண்டுமென்றே கெடுத்திருக்கிறாய் என்று டெஸ்மண்ட் திருப்பிக் கொடுத்தான். அடுத்ததையும் திருப்பிக் கொடுத்தான். அதன் பிறகு வரைந்தது அந்தக் கேமிலேயே தலைசிறந்த படம். தோளைக் குறுக்கிக்கொண்டு, தன் காலடி ஈரத்தைத் தானே பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பி நிற்கிற ஒரு பெண். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

முதலில் விளையாடிப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், ஒழுகி ஏறியதும் அவளைத் தண்ணீரில் தள்ள முடியுமா என்றுதான் முயன்றார்கள். முடியவில்லை என்று சலித்துக்கொண்டார்கள். டெஸ்மண்ட் அதைக் குறித்துக்கொண்டான். கெண்ட்ராவிடம் சொல்லாமல், ஒழுகிக்கு மட்டும் தள்ளிவிடும் பட்டனைச் சேர்த்தான். தள்ளினால் "சாரி, சாரி" என்றபடியே மூழ்குவாள். அடுத்த துறையில் மறுபடி கை காட்டி நிற்பாள். மூழ்கும் ஒலி என்னுடையது. எதற்கென்று தெரியாமல் வழக்கமான ஒலிகளோடு சேர்த்து நான் அனுப்பியதை அங்கே போட்டுக்கொண்டான்.

அவள் அதைப் பார்த்தது சியாட்டில் கேம் கண்காட்சியில், எங்கள் ஸ்டாலுக்கு முன்னால் வரிசை நின்றபோது. ஆறு பேர் வரிசையாகத் தள்ளிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்துவிட்டு டெஸ்மண்டிடம் போனாள்.

"என்ன பண்ணி வெச்சிருக்க?"

"கூட்டத்தப் பாரு கெண்ட்ரா. எல்லாம் அவளுக்காக வந்த கூட்டம். நீ வரைஞ்சது."

"யாரையும் தள்ளக் கூடாதுன்னுதானே ஆரம்பிச்சோம்."

"அவளத் தவிர வேற யாரையும் தள்ள முடியாதே."

அதை அவன் ஆறுதலாகத்தான் சொன்னான்.

மதியம் லேசி வந்தாள், ஒழுகி படம் போட்ட பனியனோடு. கெண்ட்ராவைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டாள். பனியனில் கையெழுத்துப் போடச் சொல்லி முதுகைக் காட்டினாள். கெண்ட்ரா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் என்னை என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டது போல இருந்தது.

லேசி திரும்பிப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"தெரியலையேடி. யாராவது ஒருத்தி வேணும்ல. நீதான் பக்கத்துல இருந்த."

கெண்ட்ரா கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் வரை ஸ்டாலில் நின்றாள். மறுநாள் தன் மேசையைக் காலி செய்துகொண்டு போனவள் பக்கத்து ஊரான பியூயாலப்பில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். படங்களின் உரிமை அவளுக்கும் டெஸ்மண்டுக்கும் பொது என்று ஆரம்பத்தில் எழுதியிருந்ததால், அவற்றை அவளால் எடுத்துப் போக முடியவில்லை.

அடுத்த வருஷம் டெஸ்மண்ட் ஒழுகியை நாயகியாக வைத்து இரண்டாம் கேமுக்கு மக்களிடம் பணம் கேட்டான். ஒரு மணி நேரத்தில் இலக்கைத் தாண்டியது. அன்றைக்கு, அத்தனை காலம் வாய் திறக்காத கெண்ட்ரா அந்தப் பக்கத்தில் ஒரு கமெண்ட் எழுதினாள். ஒழுகி நான்தான் என்று தொடங்கி, பஸ், பனி, பாவாடை எல்லாவற்றையும் எழுதி, தயவுசெய்து இதற்குப் பணம் போடாதீர்கள் என்று முடித்திருந்தாள்.

சிலர் வருத்தம் தெரிவித்தார்கள். பணத்தைத் திரும்பப் பெற்றவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். மிச்சப் பேருக்கு அது கேமின் முன்கதையாகப் பட்டது. என்ன எழுத்து, அழுதுவிட்டேன் என்றார்கள். இதைக் கேமிலேயே விளையாட முடியுமா என்று ஒருத்தி கேட்க, அதற்கு ஆயிரம் கைகள் உயர்ந்தன. டெஸ்மண்ட் இரவு உணவுக்கு முன்பே புது இலக்கை அறிவித்தான்: இந்தத் தொகையைத் தாண்டினால் பஸ் காட்சியையும் சேர்க்கிறோம். மறுநாள் மதியத்துக்குள் தாண்டிவிட்டது.

அவளுக்கு அவன் அனுப்பிய செய்தியை என்னிடம் பெருமையாகக் காட்டினான். "நீ எழுதினதால கேம் வேற லெவலுக்குப் போயிடுச்சு, தேங்க்ஸ். தப்பா காட்டிடக் கூடாதுன்னு கேக்குறேன், நீ ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தியா, உள்பக்கமா?"

கேமில் அவர்களாகவே ஜன்னல் பக்கம் என்று வைத்துக்கொண்டார்கள். வெளியே பனி விழுவது அழகாகத் தெரியும் என்று புதிதாக வந்த ஓவியர் சொன்னாராம்.