ஜாகாவுக்கு ஓர் இலை

கோட்டும் தலைப்பாகையுமாகப் படத்துக்குள் நின்றவருக்கு மாலை போட்டாயிற்று. கருமாதிக்கு வந்தவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்து, "என்ன கம்பீரம்!" என்றார்கள். மகன் இராமலிங்கத்துக்கு அது காதில் தேனாக விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அந்தக் கோட்டு கிள்ளான் டவுனில் படம் பிடிக்கும் கடைக்காரனுடையது. தலைப்பாகையும் அவனுடையதே. அப்பா சடையனுக்கென்று அந்தப் படத்தில் இருந்தது முழி மட்டும்தான். அதுவும் கழுத்துப் பட்டை இறுக்கியதில் பிதுங்கிக் கிடந்தது.

சடையன் காப்பார்க் காட்டு மனிதர். தோட்டம் போடக் காடு வெட்டப் போனவர், வெட்டு முடிந்த பிறகும் காட்டை விடவில்லை. பாராங் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நாயோடு புறப்பட்டால் தோளில் பன்றியோடுதான் திரும்புவார். காலில் அட்டை தொங்குவதுகூடத் தெரியாமல் அடுப்படியில் குந்தித் தானே கறி வதக்குவார். முதல் துண்டு மகன் வாயில். பள்ளிக்கூட நாட்களில் அதே தோளில்தான் மகனைத் தூக்கிக்கொண்டு சேற்றைக் கடந்து வண்டிப்பாதை வரை போவார். தன் இடுப்பு வரை சேறானாலும் பையன் காலில் ஒரு பொட்டுப் படக் கூடாது. அப்படிச் சேறு படாமல் வளர்ந்த கால்தான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாகச் சப்பாத்துப் போட்டு நடந்தது.

மகன் வீட்டுக்கு வந்தால் கிழவருக்கு உள்ளே இருப்புக்கொள்ளாது. "கூரைக்குக் கீழ மூச்சு முட்டுதுடா" என்று வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தடியில் சாக்கை விரித்துவிடுவார். சோறும் அங்கேதான், தூக்கமும் அங்கேதான். வெற்று மார்பு, காக்கி நிக்கர், பக்கத்தில் பாராங்.

ஒருநாள் அடுத்த வீட்டுப் பெரிய கிராணி ராதாகிருஷ்ணன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். இராமலிங்கத்துக்கு ஆபீசில் மேலதிகாரி அவர்.

"என்ன இராமலிங்கம், காவலுக்கு ஆள் போட்டிருக்க போல? இந்த ஜாகாவப் பாத்தாலே திருடன் ஓடிருவான்."

"ஆமாங்கய்யா."

ஒரே சொல். வாய்க்கு வந்தது, வந்துவிட்டது. மரத்தடியில் அப்பா பாராங்கைத் தீட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்று இராமலிங்கம் தன்னைத் தேற்றிக்கொண்டான். அப்பா ஒவ்வொரு முறை வந்தபோதும் அதே தேறுதல்தான். வெட்கங்கெட்ட மனசுக்குத் தேறுதலா கிடைக்காது! அதற்குப் பிறகு பெரிய கிராணி அந்தப் பக்கம் போனால் அப்பா எழுந்து நிற்பார். காட்டு மனிதருக்கும் மரியாதை தெரிகிறதே என்று மகன் பெருமை வேறு பட்டுக்கொண்டான்.

இப்போது அதே பெரிய கிராணி இராமலிங்கம் வீட்டுக் கூடத்தில் படத்தின் முன்னால் கைகூப்பி நின்றார்.

"அப்பா கடைசி வரைக்கும் காப்பாரிலேயே இருந்துட்டாரு போல. ஒரு தடவகூடப் பாக்கக் கொடுத்துவைக்கலையே."

இராமலிங்கம் தரையைப் பார்த்தான். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். ஆனால் ஆபீசே கூடத்தில் உட்கார்ந்திருந்தது. படையல் இலையில் சோறு வைத்துக்கொண்டிருந்த அம்மா பவுனம்மாள் கரண்டியை நிறுத்தி மகனைப் பார்த்தாள்.

"ஆமாங்கய்யா" என்றான் மறுபடியும்.

பவுனம்மாள் குழம்பை ஊற்றினாள்.

ராதாகிருஷ்ணன் வாசல் பக்கம் திரும்பினார். "அது சரி, உங்க ஜாகாவ எங்க காணோம்? நல்ல மனுசன்ப்பா. எம் பேத்திக்கு மூங்கில்ல குருவிக்கூண்டு செஞ்சு கொடுத்தாரு. கூப்பிடு, இன்னிக்கு அவருக்கும் ஓர் இலை போடலாம்."

இராமலிங்கம் தலை நிமிர்ந்தான். "அவரு... உங்ககிட்ட பேசினாரா ஐயா?"

"பேசாம என்ன? நீ சொன்ன மறுநாளே நான் பேரு கேட்டேன். 'பேரு எதுக்குங்க, நான் கிராணியாரு வீட்டு ஜாகா'ன்னாரு. எஜமான் எப்படின்னு கேட்டேன். 'தங்கமானவருங்க, சின்ன வயசிலேருந்தே எனக்குத் தெரியும்'னு சிரிச்சாரு."

கேட்டிருக்கிறது. அத்தனை சத்தத்திலும் அந்த ஒரு சொல் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டு, மகன் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று கிழவர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறார். மகன் சொல்லுக்காகத்தான் எழுந்து நின்றிருக்கிறார். நிலம் பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது இராமலிங்கத்துக்கு. நிலம் அப்படியெல்லாம் யாருக்கும் சௌகரியம் செய்து கொடுப்பதில்லை.

"கூப்பிடுப்பா" என்றார் பெரிய கிராணி.

"அவரைத்தாங்கய்யா கும்பிட்டீங்க." இராமலிங்கம் படத்தைக் காட்டினான். "அவர்தான் எங்க அப்பா."

ராதாகிருஷ்ணன் படத்தருகே போய்க் குனிந்து, கோட்டையும் தலைப்பாகையையும் விட்டுவிட்டு முழியை மட்டும் பார்த்தார். பிறகு மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் இரண்டு ஏச்சு ஏசியிருந்தால்கூட இராமலிங்கத்துக்குத் தேவலை என்றிருக்கும்.

அவன் சூடத்தட்டை எடுத்தான். பவுனம்மாள் தடுத்தாள்.

"இங்க காட்டாத. உங்கப்பாரு எப்ப உள்ள உக்காந்து சாப்பிட்டாரு? இலையத் தூக்கு."

இராமலிங்கம் இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டான். மேலதிகாரியையும் கூட வேலை செய்பவர்களையும் கடந்து, அவர்கள் ஒவ்வொருவரும் பார்க்க, வாசலுக்கு நடந்தான். ராத்திரி பெய்த மழையில் மரத்தடி சேறாகக் கிடந்தது. வெறுங்காலோடு அதில் இறங்கினான்.